முதுகில் விழுந்த கோடுகள்

மகனே,

கரியாலூரில் பையன்கள் விடுதிக்கு உன்னைக் காப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை சேர வேண்டும் என்று நீ போனில் சொன்னபோது, நான் முதலில் கேட்டது "யார் சொன்னது?" என்பதுதான். வாழ்த்த வேண்டிய இடத்தில் சாட்சி கேட்கிற புத்தி எனக்கு. மலையிலிருந்து இறங்கும் சாலையில் சோதனைச்சாவடிக் கம்பை ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவன் நான். மூட்டையில் கடுக்காய் என்று சொன்னால் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பேன். கடுக்காய்தான் இருக்கும். அதற்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று, வண்டி போன பிறகும் யோசித்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று எவன் முந்திக்கொண்டு சொல்கிறானோ அவனிடம்தான் இருக்கிறது என்பது எங்கள் சாவடியில் எழுதாத சட்டம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நம்பிவிடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீயும் உன் அம்மாவும் எதிர்பார்த்தீர்கள். பலன் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு முதுகும் இருக்கிறது. அந்த முதுகைப் பார்த்துவிட்டு யார் மேல் பழி போடலாம் என்று தேடும் பெற்றோரும் இருக்கிறார்கள். உன் விடுதியில் அப்படிப்பட்ட முதுகுகள் வரிசையாகப் படுத்துத் தூங்கும். அது ஒரு காரணம். நீ போகிற ஊரில் உன் காசி மாமா இன்னும் டீக்கடை வைத்திருக்கிறார் என்பது இன்னொரு காரணம். அவர் நம் வீட்டுக்கு வந்தால் நீ மாடிக்குப் போய்விடுவாய். கல்யாண வீடுகளில் அவர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நீ அடுத்த பந்திக்குக் காத்திருப்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

உனக்குப் பதினான்கு வயது நடந்த அந்த ஆண்டு, நம் வீட்டில் நீ ஒரு குற்றவாளி. உன் குரல் உடைந்தது. பீடி குடிக்கிறாய் என்று உன் வாயை முகர்ந்து பார்த்தேன். முகத்தில் பரு வந்தது; எவளையோ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று களமருதூர் பெரியத்தை, அதாவது என் அக்கா, தீர்ப்புச் சொன்னாள். சோறு இரண்டு மடங்கு போனது. வயிற்றில் பூச்சி என்று உன் அம்மா வேப்பங்கொழுந்து அரைத்தாள். பகலில் தூங்கினாய்; ராத்திரி எங்கே போய் வருகிறாய் என்று கேட்டேன். குளிக்கும்போது கதவைச் சாத்தினாய். எதை மறைக்கிறாய் என்று கதவுக்கு வெளியே நின்றேன். என் சவரக் கத்தி இடம் மாறியிருந்தது. அதைத் திருட்டு என்று பதிவு செய்தேன். இத்தனை குற்றங்களையும் ஒரே ஆள் ஒரே வருடத்தில் செய்கிறான் என்றால் அவனுக்கு என்னவோ நடக்கிறது என்று வேறு எந்த வீட்டிலாவது யோசித்திருப்பார்களோ என்னவோ. அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரித்த வரையில், அங்கும் இதே விசாரணைதான் நடந்துகொண்டிருந்தது.

கோடை விடுமுறைக்கு உன்னைக் கரியாலூருக்கு அனுப்பியிருந்தோம். அருவி பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் போண்டாவும் போட்டுக்கொண்டிருந்தார் காசி மாமா. உன் அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். நீ திரும்பி வந்த மறு வாரம், தொட்டித் தண்ணீரை மொள்ளக் குனிந்தாய். சட்டை மேலே ஏறியது. போன வருடம் தொடை வரை தொங்கிய சட்டை அது, இப்போது இடுப்பைக்கூட மறைக்கவில்லை. உன் அம்மா பார்த்தது சட்டையை அல்ல. அதற்குக் கீழே, முதுகுத் தண்டுக்குக் குறுக்கே, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சிவந்து கிடந்த கோடுகளை.

"இன்னாங்க, இங்க வாங்களேன். புள்ளய யாரோ அடிச்சிக்கீறாங்க!"

நானும் பார்த்தேன். புளியங்குச்சி, அந்த மிளாறு, விழுந்தால் அப்படித்தான் இருக்கும். படித்துறைப் படிகள் மாதிரி, இடைவெளி விட்டு, ஒழுங்காக. பெரியத்தை அப்போது நம் வீட்டில்தான் இருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவள், "மனுசன் அடிச்ச மாதிரி தெரியலடி. அளவெடுத்து இழுத்த மாதிரி கீது. மலையில இன்னாத்த மிதிச்சானோ?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் காசியையும் ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று சேர்த்தாள். பேயையும் மச்சானையும் ஒரே மூச்சில் சந்தேகிக்க அவளால்தான் முடியும். பேயை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. எனவே மச்சானை எடுத்துக்கொண்டேன்.

"மாமா எதால அடிச்சாரு?"

"மாமா அடிக்கலப்பா."

"அப்போ முதுகுல இன்னா, பஸ் ஏறிச்சா?"

"எனக்கு எப்டிப்பா தெரியும்? என் முதுகை நான் எங்க பார்த்தேன்?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு. வாய் ஜாஸ்தியானா உள்ள விஷயம் கீதுன்னு அர்த்தம்."

இப்போது யோசித்தால், அந்த விசாரணையில் உண்மையான பதில் உன்னுடைய அந்த ஒன்றுதான். மாமா அடிக்கவில்லை என்று நீ சொல்லச் சொல்ல, உன்னை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியானது. நீ பேசாமல் இருந்தால் பயம். அழுதால் வலி. சிரித்தால் நடிப்பு. தப்பிக்க வழியே இல்லாத கேள்விகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டேன். எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. உன் அம்மா எண்ணெயும் மஞ்சளும் குழைத்து வைத்தாள், பூச நீ விடவில்லை. நாங்கள் இத்தனை பேர் உன் முதுகைச் சுற்றி நின்று பார்த்தோம். அந்தக் கோட்டில் ஒருவராவது விரலை வைத்து, வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம், நீ சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். "அடுப்புக்குப் போடற மிளாறு, அதாலதானே அடிச்சாரு?" என்றேன். நீ தட்டைப் பார்த்தாய். "ஆமா" என்றாய். "யாரு?" என்றேன். "மாமாதான்." "எதால?" "நீங்க சொன்னீங்களே, அதாலதான்." என் கேள்வியிலிருந்தே பதிலை எடுத்து என்னிடமே கொடுத்தாய். நான் அதை வாக்குமூலம் என்று வாங்கிக்கொண்டு தட்டைத் தள்ளினேன். நீ சாப்பிட்டாய். வீட்டில் பல நாட்களுக்குப் பிறகு அமைதி வந்தது. சோற்றுக்காக ஒருவன் பொய் சொன்னதால் வந்த அமைதி அது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். நமக்குப் பிடித்த பதில் வந்துவிட்டால் எந்தச் சோதனைச்சாவடியும் கம்பைத் தூக்கிவிடும்.

அந்த மாதமே உன் தங்கை வயசுக்கு வந்தாள். ஒரே வீட்டில், ஒரே பருவத்தில், இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவளுக்குப் போட்டோ போட்ட பத்திரிகை, பந்தல், மைக் செட். உனக்கு விசாரணை. ஊரே பார்க்கும்படி நாற்காலியில் உட்காரச் சொன்னோம் அவளை. அவள் தலையைத் தூக்கவே இல்லை. ஒருவரும் பார்க்காதபடி மூடிக்கொள்ளச் சொன்னோம் உன்னை. உடம்புக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் இருவருக்குமே சொல்லவில்லை. சொல்லக் கூச்சம் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்களுக்குத் தெரியாது. தெரியாததை மானம் என்று பெயர் வைத்து மூடி வைப்பது நம் குடும்பத்தில் நெடுநாள் வழக்கம்.

சடங்குக்குத் தாய்மாமன் வந்தாக வேண்டும். பச்சைத் தென்னோலையில் குடிசை கட்டுவது அவருடைய உரிமை. சீர்த் தட்டும் புடவையும் தலையில் சுமந்து பஸ் மாறி வந்து இறங்கினார் காசி மாமா. ஓலையைக் கீற்றாக முடைய உட்கார்ந்தார். அதுவரை காத்திருந்தேன். உறவுக்காரர்கள் பாதிப் பேர் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாட்சிகள் இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

"வா மச்சான். குடிசை கட்டற கைதான் கோலமும் போடுமா?"

"இன்னா மாமா சொல்றீங்க?"

"டேய், இங்க வாடா. திரும்பு." உன் சட்டையைத் தூக்கினேன். பந்தலில் பின்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

காசி மாமா ஓலையைக் கீழே வைக்காமலே எழுந்து வந்து பார்த்தார். "இன்னாக்கா இது?" என்று உன் அம்மாவிடம் கேட்டார்.

"என்னையே கேக்கறியாடா? உன்ன நம்பித்தானே அனுப்புனேன்? அவன் வாயாலேயே சொல்லிட்டான், நீதான் அடிச்சேன்னு."

அவர் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆமா மாமா. ஒரு நாளு கோவத்துல கை நீட்டிட்டேன்" என்றார்.

"எதால?"

"கைக்குக் கெடைச்சதால."

நீ மிளாறு என்றாய். அவர் கைக்குக் கிடைத்தது என்றார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு மூட்டைப் புளிக்கு நான் காட்டிய கவனத்தை அன்று உனக்கும் அவருக்கும் காட்டியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நான் அப்போது நீதிபதியாகிவிட்டிருந்தேன். நீதிபதி கம்பி வைத்துக் குத்திப் பார்ப்பதில்லை. "குடிசையைக் கட்டிட்டுக் கெளம்பு. பந்தியில உக்காராதே" என்றேன். பெரியத்தை மட்டும், "மலைக்காத்து வாங்கனா மனுசனுக்கு மூர்க்கம் வந்துடும்" என்று பக்கத்தில் இருந்தவளுக்குப் பாடம் நடத்தினாள். உன் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் ஓலையை முடைந்தார், குடிசையைக் கட்டினார், உன் தங்கைக்கு மாலை போட்டார், சீர்த் தட்டை வைத்தார், போய்விட்டார். குடிசையில் ஒரு கீற்றுக்கூடக் கோணலாக இல்லை. அதையும் நான் கவனித்தேன். அதிலும் ஏதோ தந்திரம் இருப்பதாகப் பட்டது.

அதற்குப் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவில்லை. தீபாவளிக்குத் தைத்த உன் கால்சட்டை பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு நாள் உன் அம்மா வந்து, "மறுபடியும் கோடு வந்துகீதுங்க. தோள்ல, முட்டிக்கு மேல, அங்கல்லாம்" என்றாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை, முகவரிதான் மாறியது. காசி வரவில்லை, எனவே விளையாட்டு வாத்தியார். மூன்று நாள் பள்ளிக்கூட வேலி ஓரம் நின்று அந்த மனிதரை வேவு பார்த்தேன். ஊதல் ஊதுவதைத் தவிர அவர் எதையும் செய்யவில்லை. சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததாகவே தெரியவில்லை. இருந்தாலும் போலீசுக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். மனுவுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமே என்றுதான் உன்னைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியத்துக்கு அல்ல, சாட்சிக்கு.

அவர் உன் முதுகில் விரலை வைத்து அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அரிக்குமா?"

"எப்பவாச்சும்."

மாத்திரை, லேகியம், களிம்பு எதுவும் தொடர்ந்து கொடுத்தீர்களா என்று எங்களைக் கேட்டார். எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். "ஒரு வருஷத்துல எவ்ளோ வளர்ந்தான்?" என்றார். யாரும் அளக்கவில்லை என்றோம். உன் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "வளர்றான் சார், வேற ஒண்ணுமில்ல. எலும்பு ஓடுது, தோலால கூட ஓட முடியல. உள்பக்கம் விட்டுப்போய்க் கோடு விழுது. பசங்களுக்கு முதுகுல குறுக்கால வரும். பொண்ணுங்களுக்குத் தொடை, இடுப்புல வரும். அடின்னா வீங்கும், கன்னிப்போகும், தொட்டா வலிக்கும், கொஞ்ச நாள்ல மறைஞ்சிடும். இது செவப்பு போயி வெள்ளையா நின்னுடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல."

"மருந்து?"

"வேணாம். எந்த க்ரீமும் இதை அழிக்காது. காசைக் கெடுத்துக்காதீங்க."

ஊசி போடாத டாக்டரை நான் நம்புகிறவனல்ல. படியிறங்கும்போது உன் அம்மாவிடம், "இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்" என்றேன். நீ முன்னால் நடந்துகொண்டிருந்தாய். அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். "எனக்கு வயித்துல கீதுங்க" என்றாள். "இவன் வயித்துல இருந்தப்ப வந்தது. அது நிக்கற கோடு, இது படுத்த கோடு. அதான் எனக்குத் தெரியாம போச்சு." பிறகு, "எம்தம்பி..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டாள். அவள் அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னிடம் முடிக்கவில்லை. போலீஸ் மனுவைக் கிழித்துப் போட்டேன். விளையாட்டு வாத்தியாருக்கு அப்படி ஒரு மனு இருந்ததே தெரியாது. அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சந்தேகமே படக்கூடாது என்று அப்பா சொல்கிறார் என எடுத்துக்கொள்ளாதே. நீ போவது விடுதி. பிள்ளைகள் மேல் கை வைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் நல்ல சிரிப்போடும் நல்ல பெயரோடும் இருப்பார்கள். நன்றாகச் சந்தேகப்படு. ஒரு பையன் முதுகில் கோடு பார்த்தால் பார்க்காதது போல் போய்விடாதே. தனியாகக் கூப்பிடு, வலிக்கிறதா என்று கேள், டாக்டரிடம் அனுப்பு. யாராவது அடித்தார்களா என்றும் கேள். ஆனால் அவன் "இல்லை" என்று சொல்லிவிட்டும் சோறு சாப்பிட முடிகிற மாதிரி கேள். "ஆமாம்" என்றாலும் அப்படியே. வேண்டிய பதில் வரும்வரை கேட்பதற்கு விசாரணை என்று பெயர் இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாப் பையன்களையும் உட்கார வைத்து, குரல் உடையும், பரு வரும், மீசை அரும்பும், வியர்வை நாறும், முதுகில் கோடு விழும், இதெல்லாம் யாரும் செய்த தப்பு இல்லை என்று சொல்லிவிடு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

டாக்டரைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நான் கரியாலூர் போனேன். நீ அடிபடவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. அடிக்காதவன் அடித்தேன் என்று ஏன் சொன்னான் என்பது விளங்கவில்லை. அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பட்டது. பழைய பழக்கம். கடையில் கூட்டமில்லை. காசி மாமா என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டு டீ போட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அப்படிங்களா? எனக்கும் சின்ன வயசுல இருந்துச்சி போல. இப்பவும் முதுகுல வரி வரியா கீதுன்னு அவ சொல்லுவா" என்று, தன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அன்னிக்கு ஏன் ஒத்துக்கினே?" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். "புள்ள சொல்லிட்டான்னு அக்கா சொல்லிச்சே மாமா. நான் இல்லைன்னா அவன் பொய்யன். அத்தினி பேரு முன்னால உங்கள பொய் சொல்ல வச்ச புள்ளய நீங்க சும்மா வுட்டிருப்பீங்களா? அன்னிக்கு நெஜமாவே அவன் முதுகுல கோடு விழுந்திருக்கும். எனக்கு இன்னா, கோவக்காரன்னு ஒரு பேரு. போவட்டும். நான் வளர்ந்து முடிச்சவன், அவன் இப்பத்தானே வளர்றான்."

அந்தப் பேச்சில் எங்காவது பொய் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தேடினேன். பிறகு, "டீ நல்லா கீது மச்சான்" என்றேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார், விசேஷங்களுக்கு வரவும் ஆரம்பித்தார். உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீ அவர் முகத்தைப் பார்க்கக் கூசி மாடி ஏறும்போதெல்லாம், அவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வேறு பேச்சை எடுப்பேன்.

திங்கட்கிழமை விடுதியில் சேர்வதற்கு முன்னால் அந்தக் கடைக்குப் போ. அவர் பழையதைக் கிளற மாட்டார், உன்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். பேச்சை நீதான் ஆரம்பிக்க வேண்டும். டீயைப் புகழ்ந்துவிட்டு எழுந்து வந்துவிடாதே. அதை நான் ஏற்கெனவே செய்தாயிற்று.

உன் அப்பா